சதுரக் குழிக்குள் ஆறு விடைகள்

எல்சிடி திரைக்குள் இருக்கும் நெமாட்டிக் திரவப் படிகம் தண்ணீர் போல ஓடும். ஆனால் அதன் கோல் வடிவ மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்து நிற்கும். இதைச் சில பத்து மைக்ரான் அகலமுள்ள சதுரக் குழிகளில் அடைத்தால் என்ன ஆகும் என்று 2007இல் சாக்கோனாஸும் உடன் ஆய்வாளர்களும் செய்து பார்த்தார்கள். மின்புலம் எதுவும் இல்லாமலே ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் நிலைத்து நின்றன. அந்தச் சோதனையைக் கணினியில் திரும்பக் கொண்டுவருவதுதான் என் முனைவர் பட்டத்தின் முதல் வேலை. இதே வழியில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று நான் கடந்து வந்ததை எழுதுகிறேன்.

அதற்கு எடுத்துக்கொண்ட கணித மாதிரி, லான்டாவ்–டி ஜென்ஸ் கோட்பாடு. (டி ஜென்ஸ் 1991இல் இயற்பியல் நோபல் பெற்றவர்.) ஒவ்வொரு புள்ளியிலும் மூலக்கூறுகள் எந்தத் திசையில், எவ்வளவு ஒழுங்காக நிற்கின்றன என்பதை மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமான ஒரு 3×3 சமச்சீர் அணி சொல்லும். அதில் சுதந்திரமான எண்கள் ஐந்து. குழி ஆழம் குறைவாக இருந்து, வெப்பநிலையையும் வசதியாக எடுத்துக்கொண்டால், ஐந்து இரண்டாகக் குறையும். அவற்றை பி1, பி2 என்பேன். திசையின் கோணத்தை இருமடங்காக்கி, கொசைன் எடுத்தால் பி1, சைன் எடுத்தால் பி2. இரண்டும் ஒழுங்கின் அளவால் பெருக்கப்பட்டிருக்கும். மொத்த ஆற்றலைக் குறைக்கும் பி1, பி2தான் நாம் தேடும் விடை.

சுவரை ஒட்டி மூலக்கூறுகள் சுவருக்கு இணையாகப் படுக்க வேண்டும் என்பது எல்லை நிபந்தனை. அப்படியென்றால் கீழ், மேல் பக்கங்களில் பி1 = 1; இடம், வலம் பக்கங்களில் −1. பி2 நான்கிலும் பூஜ்ஜியம். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் மூலையில் 1 சட்டென்று −1 ஆகிறது. அந்தத் தாவலை அப்படியே விட்டால், மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகக் குழியைச் சிறு துண்டுகளாக வெட்டும் வலையை, நுணுக்க நுணுக்க ஆற்றல் ஏறிக்கொண்டே போகும். அதற்கு எல்லையே கிடையாது. இதற்கு வழி, மூலைக்கு மிக அருகே மட்டும் பி1 பூஜ்ஜியத்திலிருந்து சரிவாக ஏறும்படி நிபந்தனையைக் கொடுப்பது. அதன்பிறகு மெஷ்ஷை நுணுக்கினால் எண்கள் அசையாமல் நிற்கும். அந்த அசையாத எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு அடுத்ததை நம்பத் துணிவு வந்தது.

குழி மிகச் சிறிதாக, நானோமீட்டர் கணக்கில் இருக்கும்போது விடை ஒன்றே ஒன்றுதான். எந்த ஊகத்தில் தொடங்கினாலும், ஊகத்தைப் படிப்படியாகத் திருத்தும் நியூட்டன் முறை அங்கேயே வந்து சேரும். இரண்டு மூலைவிட்டங்களிலும் பி1, பி2 இரண்டுமே பூஜ்ஜியமாகி, குழிக்குள் ஒரு பெருக்கல் குறி விழும். சாமோ க்ராலும் அபலா மஜும்தாரும் 2014இல் விவரித்த அமைப்பு இது. ஒழுங்கே கரைந்துபோகும் இந்தக் கோடுகளைத் திசையை மட்டும் வைத்துக்கொள்ளும் பழைய கோட்பாட்டால் காட்ட முடியாது. எனக்கு இந்த மாதிரியின் மேல் பற்று வந்தது அந்தப் படத்தால்தான்.

குழியைப் பெரிதாக்கினால்தான் வேலை கடினமாகிறது. ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி நிலைத்தன்மையை இழக்கும், ஆனால் சமன்பாட்டின் விடையாகத் தொடர்ந்து இருக்கும். பி2 எங்கும் பூஜ்ஜியம் என்று தொடங்கினால் நியூட்டன் முறை பி2ஐத் தொடவே தொடாது. எவ்வளவு பெரிய குழிக்கும் அதே விடையை அழகாகக் கொடுக்கும். ஆகவே கணக்கு குவிந்துவிட்டது என்பதோடு நிறுத்தக் கூடாது. ஆற்றலின் இரண்டாம் வகைக்கெழுவுக்கு மிகச் சிறிய ஐகன் மதிப்பை (ஆற்றல் எந்தத் திசையிலாவது கீழே வளைகிறதா என்று சொல்லும் எண்) கட்டாயம் பாருங்கள். அது எதிர்மறையானால், கையில் இருப்பது சோதனையில் நிலைத்து நிற்காத விடை.

நிலையானவற்றைப் பிடிக்க, முதலில் கோணத்துக்கு மட்டும், எல்லையில் கொடுத்த மதிப்புகளை உள்ளே சீராகப் பரப்பும் லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்த்து, அதிலிருந்து பி1, பி2 ஊகத்தைச் செய்துகொண்டேன். கீழும் மேலும் 0°, பக்கங்களில் 90° என்றால் மூலைவிட்ட அமைப்பு: மூலக்கூறுகள் ஒரு மூலைவிட்டத்தை ஒட்டிச் சாயும். பக்கங்களில் −90° என்றால் அதன் இணை. கீழே 0°, மேலே 180° என்றால் சுழன்ற அமைப்பு, அதில் நான்கு வகை. ஆக மொத்தம் ஆறு. மூலைவிட்டத்துக்குத்தான் ஆற்றல் குறைவு. சுழன்றது நிலைபெறக் குழி இன்னும் பெரிதாக வேண்டும்.

நிலையற்ற விடைகளும் வேண்டுமென்றால் பேட்ரிக் ஃபேரல் குழுவினர் 2015இல் வெளியிட்ட டிஃப்ளேஷன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த விடைக்கு அருகே சமன்பாட்டை வெடிக்கும்படி மாற்றிவிட்டால், அதே ஊகத்தில் தொடங்கினாலும் நியூட்டன் முறை வேறு இடம் தேடிப் போகும். என் கணக்கில் எதிர் எதிர்ப் பக்கங்களை ஒட்டிக் கோடு விழும் விடைகள் இப்படித்தான் வெளியே வந்தன.

அப்புறம் சோதனையோடு ஒப்பிடுவது. குறுக்கு போலரைசர்களை (ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிய இரண்டு ஒளி வடிகட்டிகள்) குழியின் பக்கங்களுக்கு இணையாக வைத்தால், தெரியும் வெளிச்சம் ஏறக்குறைய பி2இன் வர்க்கத்தைப் பின்பற்றும். அதைச் சாம்பல் நிறத்தில் வரைந்தேன். மூலைவிட்ட அமைப்பில் ஓரம் மட்டும் இருண்டு உள்ளே முழுக்க வெளிச்சம். சுழன்றதில் நடுவே ஒரு கருங்கோடு குழியை இரண்டாகப் பிரித்தது.

இப்போது அறுகோணத்தில் இருக்கிறேன். சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. மூலக்கூறுகள் விசிறிபோல விரியும் மூலைகள் அவையே. பெரிய அறுகோணத்தில் ஆறில் இரண்டு, அதாவது 15 நிலையான விடைகளாவது வர வேண்டும். எதிரெதிர் மூலைகளுக்கான மூன்று கிடைத்துவிட்டன; அடுத்தடுத்த மூலைகளுக்கானவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.