தேய்புரி

இந்தச் சிறப்பு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு கயிறு. பள்ளியின் விளையாட்டு அறையில் கிடந்த, கயிறு இழுக்கும் போட்டிக்கான பழைய கயிறு.

ஒருநாள் தமிழ் ஐயா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். முன்வரிசையில் இருவரை எழுப்பி ஆளுக்கொரு முனையைக் கொடுத்தார். என்னை அழைத்து நடுவில் பிடிக்கச் சொன்னார். இருவரும் மெல்ல இழுக்க, என் உள்ளங்கைக்குள் கயிறு இறுகியது. முறுக்கு நெரிபடுவது காதில் கேட்டதைவிடக் கையில்தான் அதிகம் தெரிந்தது. தேய்ந்த இடத்தில் நார்கள் சிலிர்த்து நின்றன. ஒன்று பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. "இப்போது நீதான் கயிறு. எந்தப் பக்கம் போவாய்?" என்றார் ஐயா. அப்புறம்தான் பாட்டைப் படித்தார்.

நற்றிணையின் 284ஆம் பாட்டு. பொருள் தேடிப் பிரிந்துபோனவன் பேசுகிறான். அவளிடம் திரும்பிவிடலாம் என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இழிவு, கொஞ்சம் பொறு என்கிறது அறிவு. இரண்டு யானைகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு' போல என் உடம்பு அழிந்துபோகுமோ என்று கேட்கிறான். புரி என்றால் கயிற்றின் முறுக்கிய இழை. பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக்கி, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்கிறோம். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்பவையும் அப்படி வந்த பெயர்கள்தாம்.

வேலைக்காக வெளிநாடு வந்து சில ஆண்டுகள் கழித்து, நண்பர்கள் என்னை ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு இழுத்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதற்கு வழி திறந்தது. பாத்திரத்தின் இனம், தொழில், வலிமை எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது. பெயருக்கான கட்டம் மட்டும் மூன்று வாரம் காலியாக இருந்தது. எழுதி எழுதி அழித்ததில் அந்த இடத்தில் தாளே மெலிந்துவிட்டது.

பெயர் எங்கிருந்தும் வரலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். கைகாக்ஸின் மகன் ஒருவர், தாளில் ஆண் என்பதற்கு இருந்த 'எம்' எழுத்தையும் 'எல்ஃப்' என்ற கற்பனை இனத்தின் பெயரையும் சேர்த்து மெல்ஃப் என்று வைத்தாராம். இன்னொரு மகன் எர்னஸ்ட் தன் பெயரின் எழுத்துகளையே மாற்றிப் போட்டு டென்சர் ஆனார். அவையும் நல்ல பெயர்கள்தாம். ஆனால் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வலிக்க வேண்டும் என்று தோன்றியது.

என் பாத்திரம் பாதி மனிதன், பாதி எல்ஃப். தந்தையின் மக்களுக்குக் கோட்டையைக் காப்பதாகச் சத்தியம் செய்தவன். தாயின் மக்களோ கோட்டைக்கு வெளியே காட்டில் இருக்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருந்தபோது பெருவிரலுக்குக் கீழே அந்த நார் மறுபடி குத்தியது போல இருந்தது. சரி என்று பென்சிலை வைத்துவிட்டு, பேனாவால் 'தேய்புரி' என்று எழுதினேன். தமிழ் தெரியாத நண்பர்களுக்குப் பொருள் சொன்னேன். மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பெயர் வைத்த பிறகு அவன் என் விருப்பத்துக்கு நடக்கவில்லை. முற்றுகை இரவில் தாயின் தம்பி வாசலில் நின்று கதவைத் திறக்கச் சொன்னபோது, திறக்காமல் இருப்பதுதான் எனக்கு லாபம். தேய்புரி திறக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மதிலிலிருந்து கயிறு கட்டித் தனியாக வெளியே இறங்கினான். இருபது முகப் பகடையில் 11 விழுந்தது; கயிறு தாங்கியது.

அன்று கயிற்றின் இடப்பக்க முனையைப் பிடித்திருந்தவரே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும் என்று நம்புகிறேன். வகுப்பு முடிந்ததும் என் கையிலிருந்து நாரை ஊசியால் எடுத்துவிட்டது நீங்கள்தான். தேய்புரி இப்போது ஒன்பதாம் லெவலில் இருக்கிறான்.