வாயாடி கார்னரின் கடைசி வருஷம்

கல்லூரி கபடி டீம் எதுவானாலும், பிடிக்கிற வரிசையின் ஓரமான கார்னரில் ஒரு வாயாடி நிற்பான். பாடி வருகிற எதிர் ரெய்டருக்குக் கிண்டல், சொந்த டீம் தம்பிகளுக்கு அதட்டல், அம்பயரிடம் முறையீடு, நடுவில் பி.டி. சாருக்கே யோசனை. மஞ்சக்குப்பம் அண்ணா ஸ்டேடியமோ புதுச்சேரி உப்பளமோ, கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும், எந்த டீமின் கார்னர் ஃபைனல் இயர் என்று குரலை வைத்தே சொல்லிவிடலாம். திமிரு பிடிச்ச பையன் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி அவன் நிற்கிற இடம் கொடுப்பது.

ஆண்கள் கோர்ட் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இரண்டு ஓரத்திலும் லாபி என்கிற பட்டைக்கு ஒவ்வொரு மீட்டர் போய்விடும். டச் விழுகிறவரை ஏழு பேரும் 8 மீட்டருக்குள்தான் நின்றாக வேண்டும். நடுவில் நிற்கிற கவருக்கும் சென்டருக்கும் ரெய்டரின் நெஞ்சும் கையும் தெரியும். கால் தெரிவது கார்னருக்கு. எடை எந்தக் காலில் இருக்கிறது, பின்கால் குதிகால் தூக்கியிருக்கிறதா, திரும்பப் போகிறானா, இல்லை இன்னொரு அடி உள்ளே வைப்பானா என்பதெல்லாம் ஓரத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். தன் ஆட்கள் ஆறு பேரும் அதே பார்வையில் விழுவார்கள். அதனால்தான் பேசுகிற வேலை கார்னரிடம் வந்து சேர்கிறது.

சரி, என்ன பேசுவது? ஒரு ரெய்டு 30 விநாடி. அதற்குள் முழு வாக்கியத்துக்கு இடமில்லை. ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். இது எத்தனையாவது ரெய்டு, போனஸ் (போனஸ் கோட்டை ரெய்டர் தாண்டினால் கிடைக்கும் புள்ளி) இருக்கிறதா இல்லையா. முந்தைய இரண்டும் புள்ளியில்லாத வெறும் ரெய்டாகப் போயிருந்தால், "மூணு" என்று ஒரு சொல் போதும். அவன் டச்சோ போனஸோ எடுக்காமல் திரும்பினால் அவுட் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும், யாரும் அவசரப்பட்டுப் பாய மாட்டார்கள். உள்ளே ஆறு அல்லது ஏழு பேர் இருந்தால் போனஸ் உண்டு. ஐந்தாகிவிட்டால் கிடையாது. இதை எண்ணிச் சொல்லாத டீமில், ஐந்து பேர் நிற்கும்போதும் இல்லாத போனஸைத் தடுக்க முன்னே போய், பின்னால் இடைவெளி விட்டு, டச் கொடுத்துவிட்டு முழிப்பார்கள்.

ரெய்டர் உள்ளே வந்தபின் சொற்கள் இன்னும் குறைய வேண்டும். "கால்", "கை", "உள்ளே", "விடு" அளவுக்கு. கடைசி ஐந்து விநாடிக்கு ஒரு எண். அதோடு சரி. பெயர் சொல்லிக் கூப்பிடுவது நேர விரயம். "பிடி" என்று கத்துவது அதைவிட மோசம், ஏனென்றால் அதே சொல் ரெய்டர் காதிலும் விழுகிறது. பாய்வதற்கான சைகை வாயிலிருந்து வரக் கூடாது, கையிலிருந்து வர வேண்டும். கார்னரும், அவனுக்குப் பக்கத்தில் 'இன்' என்கிற இடத்தில் நிற்பவனும் கை கோத்து நிற்பதே அதற்குத்தான். ஒரு அழுத்தம் என்றால் நில், இரண்டு அழுத்தம் என்றால் போகிறேன். வேர்வையில் கை வழுக்கும். அழுத்தினானா வழுக்கினானா என்று குழப்பம் வரும். விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்தால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இப்போது அந்தப் பிடி. கணுக்கால் பிடியில் அவசரம்தான் முதல் எதிரி. ரெய்டர் போனஸ் கோட்டுக்கோ டச்சுக்கோ காலை நீட்டுகிற கணத்தில் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். நீட்டிய காலில் அவன் எடை இன்னும் இறங்கியிருக்காது; தொட்ட உடனே உருவிக்கொண்டு போவான், டச் புள்ளியும் அவனுக்கே. அவன் திரும்புகிற நேரத்தில், எடை முன்காலுக்கு மாறி, பின்கால் தரையை விட்டு எழப்போகிற அந்த அரை விநாடிதான் நேரம். ஒரு கை வெளிப்பக்கமிருந்து குதிகாலுக்குப் பின்னால் வளைய வேண்டும். இன்னொரு கை அதற்கு மேலே, கெண்டைக்காலுக்குக் கீழே. பிடித்ததும் காலைத் தன் நெஞ்சுக்கு இழுத்துத் தூக்க வேண்டும். தரையோடு அழுத்திக்கொண்டு கிடந்தால் அவனுக்கு ஊன்ற இடம் கொடுத்த மாதிரி. தலை அவன் காலுக்கு வெளிப்பக்கம். முழங்காலுக்கு நேராகத் தலை வைத்தால் புருவம் கிழியும், தையல் போட வேண்டியிருக்கும்.

இரண்டு கை விரல்களையும் கோத்துப் பூட்டுவது பலருக்கும் பழகிப்போன தப்பு. அவன் திமிறும்போது கோத்த விரல் விலகாது, மூட்டுதான் விலகும். ஒரு கை மற்றதன் மணிக்கட்டைப் பிடிப்பதோ, விரல்களைக் கொக்கி மாதிரி மாட்டுவதோ நல்லது. இழுவை அதிகமானால் தானாகக் கழன்றுகொள்ளும்.

இதெல்லாம் செய்தும் கார்னர் தனியாக ஒரு 80 கிலோ ஆளை நிறுத்த முடியாது. ஒற்றைக் காலில் நொண்டுகிற ரெய்டருக்கு நடுக்கோடு இரண்டு தாவல்தான். கவர் வந்து மோதியோ வழி மறித்தோ முடித்தாக வேண்டும். கார்னர் கூச்சல் போட்டுக்கொண்டே இருந்தால் கவர் எந்தச் சத்தத்துக்கு வருவான்? நிறைய பேசுகிற டீம்களில் பிடி நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். குரல் எப்போதும் இருந்தால் அது பின்னணி இரைச்சலாகிவிடும், பஸ் ஸ்டாண்டில் கடலூர் கடலூர் என்று கூவுவது யார் காதிலும் ஏறாத மாதிரி.

அடுத்து, வாயால் போகிற புள்ளி. விதிப் புத்தகத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நம் ரெய்டர் எதிர்ப்பக்கம் பாடிக்கொண்டிருக்கும்போது, நம் பக்கத்திலிருந்து யாரும் அவனுக்கு எச்சரிக்கையோ யோசனையோ சொல்லக் கூடாது. சொன்னால் எதிர் டீமுக்கு ஒரு புள்ளி. டிவியில் பார்த்துப் பழகிய பையன்களுக்கு இது உறைப்பதில்லை. எல்லா அம்பயரும் கொடுப்பதில்லை என்பதும் உண்மை, ஆனால் கொடுக்கிற அம்பயர் 30-30ல் இருக்கும்போதுதான் கொடுப்பார். நம் ரெய்டு நேரத்தில் கார்னர் வாயை மூட வேண்டும் என்பதை ஒரு பழக்கமாகவே ஏற்ற வேண்டும். சிலர் ஜெர்சிக் கழுத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பார்கள். அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

முடிவுகளைப் பற்றி அதிகாரிகளிடம் ஓயாமல் பேசுவதும், அவர்களை மட்டமாகப் பேசுவதும் ஃபவுல் பட்டியலில் இருக்கின்றன. பச்சை அட்டை எச்சரிக்கை. மஞ்சள் என்றால் இரண்டு நிமிஷம் வெளியே, மாற்று ஆள் கிடையாது. இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் பையன்களுக்கு உறைக்கும். இரண்டு நிமிஷத்தில் குறைந்தது நாலு ரெய்டு. அதில் இரண்டு எதிராளியுடையது. இரண்டிலும் நம் கார்னர் காலி. தொடை தட்டுவதில் தப்பில்லை, விழுந்து கிடக்கிறவன் முகத்துக்கு மேலே நின்று தட்டினால்தான் அட்டை வரும். பிடித்த பிறகு திரும்பி நம் ஆட்களைப் பார்த்துத் தட்டச் சொல்லிக் கொடுங்கள், பிரச்சினை முடிந்தது.

புரோ கபடியில் இருவரைக் கவனித்துப் பார்க்கச் சொல்லலாம். ஒருவர் ஈரான்காரர் ஃபசல் அத்ராசலி, லெஃப்ட் கார்னர், அந்தத் தொடரிலேயே ரெய்டரைப் பிடித்து வாங்கும் டேக்கிள் புள்ளிகளை வாரிக் குவித்தவர். ஆர்ப்பாட்டமெல்லாம் பிடித்த பிறகுதான். ரெய்டு நடக்கும்போது அவர் கையைப் பாருங்கள், பக்கத்து ஆளைப் பொறு பொறு என்று அமர்த்திக்கொண்டே இருக்கும். இன்னொருவர் நம் தஞ்சாவூர் தர்மராஜ் சேரலாதன். 2016 ஜூலையில் பாட்னா அணி கோப்பை வாங்கியபோது அவர்தான் கேப்டன், வயது 40ஐத் தாண்டியிருந்தது. அதே வருஷம் அகமதாபாத் உலகக் கோப்பையில் ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார்.

ஃபைனல் இயருக்கு வருவோம். நல்ல கார்னர் போகும்போது டீம் இழப்பது ஒரு ஜோடிக் கையை மட்டும் இல்லை. மூணு வருஷமாக ஆறு பேரும் ஒரே குரலுக்குப் பழகியிருப்பார்கள். அடுத்த ஜூனில் அந்தக் குரல் இருக்காது, கை கோத்து நிற்கிற செயின் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஆகவே கடைசி சீசனில் சீனியருக்கு முக்கிய வேலை, வாயை ஒப்படைப்பது. பயிற்சியின் கடைசி 20 நிமிஷம் அவன் ஊமை. அதே கார்னரில் நிற்கட்டும், பிடிக்கட்டும், பேசக் கூடாது. செகண்ட் இயர் பையன் மறு கார்னரிலிருந்து "மூணு", "போனஸ் இருக்கு" என்று சொல்லட்டும். முதல் வாரம் கேவலமாக இருக்கும். பையன் தாமதமாகச் சொல்வான், எண்ணிக்கையில் தப்புவான், "அண்ணே, நீங்களே சொல்லுங்கண்ணே" என்பான். சீனியருக்கு வாய் நமநமக்கும். அந்த நேரத்தில் அவன் ஒரு சொல் எடுத்துக் கொடுத்துவிட்டால் போச்சு, பையன் அடுத்த முறையும் அவன் முகத்தைத்தான் பார்ப்பான். மூன்றாவது வாரத்தில் பயிற்சி ஆட்டத்தின் ஒரு பாதியை முழுதாகக் கொடுக்கலாம். ஒரே பாதியில் இரண்டு வாய் மட்டும் வேண்டாம். இரண்டு கார்னரும் உத்தரவு போட்டால் கவர் நடுவில் நின்றுவிடுவான்.

மூணு பேர் அல்லது அதற்குக் குறைவாக நிற்கும் சூப்பர் டேக்கிள் நேரத்தை மட்டும் சீனியரே வைத்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. அங்கே பிடித்தால் இரண்டு புள்ளி, விட்டால் லோனா, அதாவது மொத்த டீமும் அவுட், வாசலில். கற்றுக்கொள்கிற இடம் அது இல்லை.

ஊரைப் பற்றியே வாய் ஓயாமல் பேசுகிறவன், தன் உடம்பைப் பற்றி மட்டும் பேச மாட்டான். ஃபைனல் இயர் வாயாடிகளின் பெரிய கோளாறு இது. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். விரல் மூட்டு விலகினால் சக ஆட்டக்காரனை விட்டு இழுத்து ஏற்றிக்கொள்வான். உள்ளே விரிசல் இருந்தால் அந்த இழுப்பில் அது பெரிதாகும். எக்ஸ்ரே எடுத்த பிறகு, மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து அரை அங்குல டேப்பால் மூட்டுக்கு மேலே இரண்டு சுற்று, கீழே இரண்டு சுற்று. மூட்டின் மேல் ஒட்டக் கூடாது, மடங்க வேண்டுமே. கணுக்கால் பிசகினால் ஒரு எளிய சோதனை: நாலு அடி எடை ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே. "நடந்துருவேன் சார்" என்று கார்னர் சொல்வதை நம்பாதீர்கள், நடக்க விட்டுப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஓடுகிற வழக்கம் கடலூர்ப் பையன்களுக்கு உண்டு. நல்லதுதான், ஆனால் இளகிய மணலில் 20 நிமிஷத்துக்கு மேல் போனால் குதிகால் நரம்பு பிடித்துக்கொள்ளும். அலையோரம் சரிவானது என்பதால் ஒரே திசையில் ஓடினால் இரண்டு காலுக்கும் பாரம் ஒரே மாதிரி விழாது. பாதி தூரம் போய் அதே வழியில் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமம். அக்டோபரில் மழை பிடித்தால் மண் கோர்ட் டிசம்பர் வரை சேறுதான்; அந்த மாதங்களில் மேட் கிடைக்கிற இடத்தில் வாரம் இரண்டு நாளாவது பழகிவிட வேண்டும். வெறுங்காலைப் பிடித்துப் பழகிய கைக்கு ஷூ போட்ட கால் வேறு சாமான்.

எடை எல்லை 85 கிலோ. கார்னர்கள் எப்போதும் அந்தக் கோட்டை ஒட்டியே நிற்பார்கள். எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் தண்ணீரை நிறுத்தி இரண்டு கிலோ இறக்குவது பழைய தந்திரம். கடலோரப் புழுக்கத்தில் அது இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் பிடிப்பாகத் திரும்பி வரும். அதற்கும் முன்னால் ஒரு அடையாளம் தெரியும்: குரல் குறையும். வாயாடி திடீரென்று அமைதியானால் அவன் திருந்திவிட்டான் என்று சந்தோஷப்படாமல் மாற்று ஆளை எழுப்பி விடுங்கள். ஒரு வாரம் முன்பே 84க்குள் வந்துவிட்டால் இந்தக் கூத்தே வேண்டாம். எடை பார்த்ததும் இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர். முட்டையும் வேர்க்கடலையும் கவலை மீனும் மலிவாகக் கிடைக்கிற ஊரில் புரத டப்பாவுக்குக் காசு கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் லைட் போட்டு ராத்திரி மேட்ச் நடக்கும். ஊர் டீமுக்கு இல்லை என்று சொல்ல எவனாலும் முடியாது, மாமன் மச்சான் எல்லாம் அதில் இருப்பார்கள். பல்கலைக்கழக டீமில் பெயர் வந்திருந்தால் போட்டி முடிகிற வரைக்குமாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, உடம்பு ஆறிப்போய், மூணாவது ஆட்டத்தில் இறங்கும்போதுதான் முழங்கால் போகும்.

கடைசியாக, சான்றிதழ். கடலூர் மாவட்டக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. அதற்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால், மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு ஃபார்ம்-3 கேட்பார்கள். பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டியது அது. கலந்துகொண்டதற்குக் கிடைக்கும் வண்ணச் சான்றிதழ் வேறு, இது வேறு. பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பது மாதிரியே இருக்க வேண்டும். முன்னால் இருந்த இனிஷியல் பின்னால் போனாலும், ஒரு எழுத்துக் கூடினாலும் பின்னாடி அலைய வைக்கும். மைதானத்தில் அத்தனை பேசுகிறவன் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் போனால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். பி.டி. சாரோ கேப்டனோ கூடப் போய், படிவத்தை அங்கேயே வாசித்துப் பார்த்து, தப்பிருந்தால் அன்றைக்கே திருத்தி வாங்கிவிடுங்கள். டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே போனபின் இதே வேலைக்கு நாலு நடை ஆகும்.