எருசலேமில் யார் யாரை அதட்டுவது?

எருசலேமுக்குப் புறப்படுகிற நம் ஆட்கள் பலரும் ஓர் அமைதியை மனசில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். காலண்டர் படங்கள் செய்த வேலை அது. ஒலிவ மரம், நிலா வெளிச்சம், பாறையில் சாய்ந்து தனியாக ஜெபிக்கிற இயேசு. நேரில் போனால் பழைய நகரத்தின் சந்துகளில் தள்ளுவண்டிக்காரர்கள் வழி கேட்டுக் கத்துகிறார்கள். மசூதியிலிருந்து பாங்கு, அது முடியும் முன்பே எங்கோ கோயில் மணி, நடுவில் குழுத் தலைவர்கள் தங்கள் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். பரலோக சமாதானம் தேடிப் போன காதுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

பரிசுத்த கல்லறை ஆலயத்துக்கு எங்களை ஞாயிறு காலையில் கூட்டிப்போனார்கள். அந்த ஆலயத்தை ஆறு சபைகள் பங்குபோட்டு ஆராதிக்கின்றன. கல்லறை மண்டபத்தின் முதுகில் ஒட்டினாற்போல் இருக்கும் குட்டிச் சிற்றாலயத்தில் எகிப்தியக் கிறிஸ்தவர்களான கோப்தியர்களின் இழுத்துப் பாடும் ராகம். அதற்கு நேர் எதிரே, கரி படிந்த சுவர்களுக்குள் சுரியானிக்காரர்களின் ஆராதனை. இன்னொரு பக்கம் பிரான்சிஸ்கன் துறவிகளின் ஆர்கன் கட்டடமே அதிர எழும்புகிறது. யாரும் யாருக்காகவும் நிறுத்துவதில்லை. எங்கள் குழுவில் வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "போதகர் ஐயா, இது ஆலயமா சந்தையா?" என்று கேட்டேவிட்டார். ஐயா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாரே தவிரப் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் பக்கங்களிலிருந்தே அது சத்தமான புத்தகம். தோட்டத்தில் உலாவுகிற தேவனுடைய சத்தத்தைக் கேட்டுத்தான் ஆதாம் ஒளிந்துகொள்கிறான். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது. சீனாய் மலையில் இடியும் எக்காளமும் சேர்ந்து முழங்க, பாளயத்தில் இருந்த ஜனங்களெல்லாம் நடுங்குகிறார்கள். கடைசிச் சங்கீதமோ கைத்தாளத்தைச் சொல்லிவிட்டு, அது போதாது என்று பேரோசையுள்ள கைத்தாளத்தையும் கேட்கிறது. இப்படிச் சொன்னால் யாராவது உடனே எலியாவைச் சாட்சிக்கு அழைத்து வருவார்கள். காற்றிலும் பூமி அதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை, பிறகு வந்தது "அமர்ந்த மெல்லிய சத்தம்" என்று. சரி. ஆனால் எலியா நின்ற ஓரேப் எது? மோசே இடிமுழக்கம் கேட்ட அதே மலை. ஒரே மலையில் ஒரு காலத்தில் காது கிழிகிற முழக்கம், இன்னொரு காலத்தில் மெல்லிய சத்தம். எது வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை மலை ஏறுகிறவனிடம் இல்லை.

யூதர்களின் பழைய தேவாலயம் நின்ற தேவாலய மலையின் தென்மேற்கு மூலையில் நான் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றுவிட்டேன். கி.பி. 70-இல் ரோமர்கள் மேலேயிருந்து தள்ளிவிட்ட பெரிய பெரிய கற்கள் இன்றும் ஏரோது காலத்துத் தெருவில் குவியலாகக் கிடக்கின்றன. தெருவின் தளக்கற்கள் அந்த அடியில் உள்வாங்கிப்போய் இருப்பதைக் கையால் தடவிப் பார்க்கலாம். 1968-இல் தொல்லியல் ஆய்வாளர் பெஞ்சமின் மசார் இங்கே தோண்டியபோது எபிரெய எழுத்து வெட்டிய ஒரு கல் கிடைத்தது. எக்காளம் ஊதும் இடத்தைக் குறிக்கிற வரி; பாதியில் உடைந்துவிட்டது. மூலக்கல் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இங்கே வைத்திருப்பது நகல். ஓய்வுநாள் தொடங்கும்போதும் முடியும்போதும் ஓர் ஆசாரியன் உயரத்தில் நின்று எக்காளம் ஊதுவான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். அவன் நின்ற மூலையிலிருந்து விழுந்த கல்லாகத்தான் இதைக் கொள்கிறார்கள்.

அதே இடத்துக்குப் பக்கத்தில், தெருவுக்கு அடியில் ஓடும் பழைய வடிகாலில் 2011-இல் ஒரு சின்னத் தங்க மணி கிடைத்தது. ஆட்டினால் இன்னும் சத்தம் வருகிறதாம். பிரதான ஆசாரியனின் அங்கி ஓரத்தில் பொன்மணியும் மாதளம்பழமும் மாறிமாறித் தொங்க வேண்டும், அவன் உள்ளே போகும்போதும் வரும்போதும் அதன் சத்தம் கேட்க வேண்டும், "அவன் சாகாதபடிக்கு" என்று யாத்திராகமம் 28 சொல்கிறது. இது ஆசாரியன் அங்கியிலிருந்தே விழுந்த மணி என்று அடித்துச் சொல்ல முடியாது. யாரோ ஒரு பணக்காரரின் உடுப்பிலிருந்தும் விழுந்திருக்கலாம். எங்கள் குழுவில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டியிருப்பார்கள், மணிச் சத்தம் நின்றால் செத்துவிட்டான் என்று வெளியே இழுப்பார்கள் என்று நம் ஊர்ப் பிரசங்கங்களில் கேட்காதவர் உண்டா? வேதத்தில் அப்படி ஒரு கயிறே கிடையாது. அது ரொம்பப் பிற்காலத்து யூத நூலில் வருகிற கதை. அப்புறம் லேவியராகமம் 16-ஐத் திறந்து பார்த்தால், பாவநிவாரண நாளில் அவன் பொன்மணி அங்கியைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடுப்பில்தான் திரைக்கு உள்ளே போகிறான். வருஷமெல்லாம் மணி ஒலிக்க நடக்கிறவன், மிக உள்ளே போகும் அந்த ஒரு நாளில் சத்தமில்லாமல் போகிறான். கயிற்றுக் கதையைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆசாரியனின் எக்காளத்துக்கு இப்போதும் ஒரு வாரிசு உண்டு. வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது நகரம் முழுக்க ஒரு சைரன் ஊதுகிறது. வீடுகளில் ஓய்வுநாள் விளக்கேற்றச் சொல்லும் சைரன். நாங்கள் அப்போது ஒலிவ மலையில் நின்றுகொண்டிருந்தோம். செய்தியில் மட்டுமே இஸ்ரேல் சைரனைக் கேட்டிருந்த எங்கள் குழு ஒரு நொடியில் சிதறியது. இரண்டு பேர் பேருந்துக்கே ஓடிவிட்டார்கள். ஏவுகணை எச்சரிக்கை என்றால் ஏறி இறங்கி ஊதும், இது ஒரே சீராக ஊதுவது என்று வழிகாட்டி விளக்கிய பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. சீனாயிலிருந்து இறங்கும்போது யோசுவாவுக்கு நடந்ததும் இதுதானே. பாளயத்திலிருந்து வந்த சத்தத்தை அவன் யுத்தத்தின் இரைச்சல் என்கிறான். மோசேயோ, இது ஜெயிக்கிறவர்கள் சத்தமும் இல்லை தோற்கிறவர்கள் சத்தமும் இல்லை, பாட்டின் சத்தம் என்கிறார். கீழே கன்றுக்குட்டியைச் சுற்றி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. படைத்தலைவன் காதுக்கு எல்லாமே போர்தான் போலிருக்கிறது. பிற்பாடு கொம்பு ஊதி, ஜனங்களை ஆர்ப்பரிக்கவைத்து எரிகோவைப் பிடித்தவனும் அவனே.

மறுநாள் பெத்பகேயிலிருந்து குருத்தோலை ஞாயிறு ஊர்வலப் பாதையில் நடந்து இறங்கினோம். செங்குத்தான சரிவு; முழங்கால் வலிக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் யூதர்களின் கல்லறைகள் மலைச் சரிவு முழுக்க வெள்ளையாக இறங்குகின்றன. இங்கேதான் சீஷர்கள் உரத்த சத்தமாய்ப் பாடிக்கொண்டு வந்தார்கள், பரிசேயர் சிலர் "போதகரே, உம்முடைய சீஷரை அதட்டும்" என்றார்கள். இவர்கள் பேசாமலிருந்தால் கல்லுகளே கூப்பிடும் என்று பதில் வந்தது.

அந்தச் சரிவில் நடக்கும்போதுதான் இது எனக்குப் பிடிபட்டது. வேதத்தில் மனுஷர் மனுஷரை "சும்மா இரு" என்று அதட்டும் இடங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். எரிகோ வழியோரத்தில் பர்திமேயு கத்துகிறான், கூட்டம் அதட்டுகிறது, அவன் முன்னிலும் அதிகமாய்க் கூப்பிடுகிறான், இயேசு நின்றுவிடுகிறார். குழந்தைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியது சீஷர்களே, அதற்காக அவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சத்தம் காதில் விழுந்த பின் தீர்ப்புச் சொல்பவர்களும் தேறவில்லை. சீலோவில் அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், ஏலி அவளைக் குடிகாரி என்றார். பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் ஊரே கூடுகிற அளவுக்குப் பேசினார்கள், அவர்களையும் குடித்திருக்கிறார்கள் என்றார்கள். சத்தம் இல்லாவிட்டாலும் குடி, இருந்தாலும் குடி! பக்தியின் சத்தத்தை வெளியில் நின்று அளந்தவர்களில் சரியாக அளந்தவர் அபூர்வம்.

அப்படியானால் எந்தச் சத்தமும் சரியா என்றால், இல்லை. நிறுத்தச் சொல்கிற ஒருவர் உண்டு. "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸ் வழியாக வருகிற குரல் கர்த்தருடையது. அந்தப் பாட்டில் ஸ்வரம் தப்பியதால் அல்ல. நகர வாசலில் ஏழையின் வழக்கைப் புரட்டிவிட்டு வந்து வீணை வாசித்தார்கள், அதனால். எகிப்தின் அடிமைகள் பாடவில்லை, பெருமூச்சுதான் விட்டார்கள், அது எட்டியது. இங்கே பாட்டு எட்டவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் பரலோகமே ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதியாகிறது. அந்த அமைதிக்குள் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் தூபத்தோடு மேலே ஏறுகின்றன. யூதர்களின் மரபு நூலான தால்முத்திலும் இதற்குப் பக்கமாக ஒன்று இருக்கிறது: சேவைத் தூதர்கள் இரவில் பாடுவார்களாம், பகலில் இஸ்ரவேலின் துதிக்காக வாயை மூடிக்கொள்வார்களாம். கீழே இருப்பவன் குரல் கேட்கட்டும் என்று மேலே இருப்பவர்கள் சும்மாயிருக்கிறார்கள். நம் ஊர் ஆலய ஒலிபெருக்கிகளை நினைத்துக்கொண்டேன். இதற்கு மேல் சொன்னால் ஊரில் வம்பு.

பெதஸ்தா குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புனித அன்னாள் ஆலயம் சிலுவைப்போர் காலத்துக் கட்டடம். உள்ளே அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது, வெறும் கல். அந்தக் கல்தான் விசேஷம். ஒரு குரல் எழுப்பினால் பல நொடிகள் அது வளைவுகளில் சுற்றிவிட்டுத்தான் அடங்குகிறது. நாங்கள் வழக்கம்போலக் கைதட்டி வேகமாக ஒரு கீர்த்தனையை எடுத்தோம். இரண்டாவது வரி வருவதற்குள் முதல் வரி திரும்பி வந்து மோதி, எல்லாம் குழைந்துவிட்டது. பின்னால் காத்திருந்த கொரியக் குழு மரியாதையாகத் தரையைப் பார்த்தது. ஐயா கைதட்டலை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு அடியையும் பாடி முடித்து அது போய்வரும்வரை காத்திருக்கவைத்தார். அப்போது வந்த பாட்டு வேறு. பாடத் தெரியாத நானும் பாடகி ஆனேன். கொரியர்கள் முடிவில் ஆமென் சொன்னார்கள்.

கல்லிகாந்து ஆலயத்தின் உச்சியில் ஒரு பொன் சேவல் நிற்கிறது. பேதுரு மறுதலித்த இடம் என்று சொல்கிறார்கள். அங்கே படம் எடுக்கத்தான் நேரம் இருந்தது.

தேவாலய மலையின் அடியில் யூதர்கள் ஜெபிக்கிற மேற்குச் சுவருக்குத் திங்கட்கிழமை காலையில் போனோம். அது ஏலூல் மாதம், யூதப் புத்தாண்டுக்கு முந்தைய மாதம். ஓய்வுநாள் நீங்கலாகத் தினமும் காலை ஜெபத்தோடு ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுகிறார்கள். நீளமாக ஒன்று, மூன்றாக உடைந்த ஒன்று, பொடிப்பொடியாக ஒன்பது. இனிமை என்று சொல்ல மாட்டேன். அடித்தொண்டையிலிருந்து வருகிற விலங்கின் கூப்பாடு அது. புத்தாண்டு ஆராதனையில் நூறு முறை ஊதுவது வழக்கம். அதை சிசெராவின் தாய் அழுத அழுகையோடு யூத மரபு சேர்த்துச் சொல்கிறது. சிசெரா இஸ்ரவேலை ஒடுக்கிய எதிரிப் படையின் தலைவன். யாகேல் கூடாரத்தில் செத்துக் கிடக்கிறவனுக்காக ஜன்னலில் காத்திருந்தவள் அவள். எதிரியின் தாய் அழுத அழுகை தங்கள் கொம்புக்குள் இருக்கட்டும் என்று ஒரு ஜனம் வைத்துக்கொண்டிருக்கிறது.

பெண்கள் பக்கத்தில் சுவரில் முகம் புதைத்து ஒருத்தி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தடி தள்ளி, தடுப்பை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏறி நின்ற பெண்கள் ஆண்கள் பக்கத்தை எட்டிப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். பதின்மூன்று வயசாகிற பையன்களுக்குத் திங்களும் வியாழனும் அங்கே தோரா, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள், வாசிக்கும் சடங்கு. மத்தளம், கொம்பு, பாட்டு. இரண்டாம் தேவாலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில் பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த கிழவர்கள் ஓவென்று அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது சந்தோஷம் என்று பிரித்தறிய முடியவில்லை என்று எஸ்றா மூன்றாம் அதிகாரம் சொல்கிறதே, அது இந்த மலைமேல் நடந்ததுதான்.

பையன் வாசித்து முடித்ததும் நாற்காலிப் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒரு ஒலி எழுப்பினார்கள். மொரோக்கோ, ஏமன் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழக்கமாம். எங்களோடு வந்த ஆச்சி ஒருத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏ பிள்ள, இது நம்ம ஊருக் குலவைல்லா!" நான் பதில் சொல்வதற்குள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எண்பதை நெருங்கும் தொண்டையில் ஒரு குலவை போட்டாள் பாருங்கள். நாற்காலியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்து, அவளையும் கைகொடுத்து மேலே ஏற்றி, கை நிறைய மிட்டாய் கொடுத்தார்கள். பையன்மேல் எறிய வேண்டுமாம். ஆச்சி எறிந்த முதல் மிட்டாய் தோராச் சுருளைத் தூக்கிக்கொண்டு நின்ற தாத்தாவின் தொப்பியில் பட்டுத் தெறித்தது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பையன் இந்தப் பக்கம் இருக்கிறான், இன்னொன்று எறி என்று தலையை அசைத்துக் காட்டினார்.