முன்விடுதலை மனு: ஒரு ஜூனியரின் நாட்குறிப்பு

2025 ஜூலை 3

சீனியர் ஒரு கேஸ் கட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை, 2009இல் கைது. முன்விடுதலை கேட்ட மனுவை அரசு நிராகரித்துவிட்டது. உத்தரவு அரைப் பக்கம். அதிலும் பாதி, பார்வையில் காட்டிய கடித எண்கள். காரணம் ஒரே வரி: ‘குற்றத்தின் தன்மையைக் கருதி கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.’

“பதினாலு வருஷம் முடிஞ்சும் ஏன் சார் விடல?” என்றார் கைதியின் அக்கா. ஊரே அப்படித்தான் நம்புகிறது. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க என்று 1961இல் கோபால் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த மாதிரி வழக்கில் 14 வருடம் என்பது விடுதலைத் தேதி அல்ல, அதற்கு முன் அரசு விடக் கூடாது என்ற வரம்பு. (அரசியலமைப்பின் 161ஆவது பிரிவில் ஆளுநருக்குள்ள மன்னிப்பு அதிகாரம் தனிக் கதை.)

ஜூலை 9

சிறையிலிருந்து தண்டனை விவரம் வந்தது. நாள் முழுக்கக் கூட்டல் கழித்தல்தான். தீர்ப்புக்கு முந்தைய ரிமாண்ட் நாட்கள் சேரும். உச்ச நீதிமன்றத்தின் 1985 பகீரத் தீர்ப்பு. பரோலில் வெளியே இருந்த நாட்கள் கழியும், அதே நீதிமன்றம் 2023இல் சொன்னது. நன்னடத்தைக்குக் கிடைத்த தள்ளுபடி நாட்களை இந்த 14இல் சேர்க்க முடியாது. எல்லாம் போக, 15 தாண்டுகிறது. பரோல் பதிவில் ஒன்று கண்ணில் பட்டது: அம்மாவின் காரியத்துக்குப் போனவர், மாலை ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டியதற்குக் காலை பத்தரைக்கே சிறை வாசலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நிராகரிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவில் அதைத் தனிப் பத்தியாக வைத்தேன்.

ஜூலை 22

விசாரணை. அரசு வழக்கறிஞர் குற்றம் கொடூரமானது என்றார். அதற்குத்தானே ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்? உச்ச நீதிமன்றத்தின் 2000ஆம் ஆண்டு லக்ஷ்மண் நஸ்கர் தீர்ப்பு கேட்கச் சொன்ன கேள்விகள் வேறு: மறுபடி குற்றம் செய்ய வாய்ப்புண்டா, இனியும் உள்ளே வைப்பதால் பயன் உண்டா, குடும்ப நிலை என்ன. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இவருக்குச் சாதகம். உத்தரவில் அதைப் பற்றி மூச்சே இல்லை. நிராகரித்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும் என்று இந்த பிப்ரவரியில்கூட உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சீனியர் வாசித்துக் காட்டினார்.

இறந்தவரின் மனைவி எதிர்ப்புத் தெரிவித்துக் கொடுத்த வாக்குமூலமும் கேஸ் கட்டுக்குள் இருக்கிறது. அவர் பயத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பில்கிஸ் பானோ வழக்கில் குற்றவாளிகளுக்குக் குஜராத் அரசு கொடுத்த முன்விடுதலையையே, அந்த அரசுக்கு அதிகாரம் இல்லை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விடுவதானாலும் மறுப்பதானாலும் முறைப்படி நடக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5

நிராகரிப்பு உத்தரவு ரத்து. எல்லா அறிக்கைகளையும் பார்த்து, காரணங்களோடு, நகல் கிடைத்த எட்டு வாரத்தில் புதிதாக முடிவெடுக்க வேண்டும். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசிடம் இருப்பதால் நீதிமன்றம் அதைத் தன் கையில் எடுக்கவில்லை.

“அப்போ தம்பி வரலையா?” என்றார் அக்கா. “ஜெயிச்சிருக்கோம்கா, ஆனா இப்போ வரமாட்டார்.” அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான்; மறுபடி மறுக்கவும் அரசுக்கு வழி இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

சான்றிட்ட நகலுக்கு மனு போட்டாயிற்று. அது அரசுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் எட்டு வாரம் ஓடத் தொடங்கும். நாளைக் காலை முதல் வேலை நகல் பிரிவில்.