ஐயோவா கப்பலின் 16 அங்குலப் பீரங்கி: நாட்குறிப்பு

ஏப்ரல் 14

அமெரிக்கக் கடற்படையின் ஐயோவா வகைப் போர்க்கப்பல் என்றதும் பேச்சு குண்டைப் பற்றித்தான் போகும். கவசம் துளைக்கும் குண்டு 1,225 கிலோ, 38 கி.மீ. தாண்டும், சரிதான். ஆனால் பீரங்கிகள் பொருத்திய சுழல் கோபுரத்துக்குள் நின்றவர்கள் பயப்பட வேண்டியிருந்தது, குண்டை உந்தும் வெடிமருந்துப் பைக்கு. முழு மருந்துக்கு ஆறு பட்டுப் பைகள், ஒவ்வொன்றும் சுமார் 50 கிலோ. பித்தளைக் கூடு எதுவும் கிடையாது, வெறும் துணி.

ஏப்ரல் 16

அந்தக் கப்பல்கள் பணியில் இருந்த காலத்து நிரப்பும் வரிசை: சுட்டதும் குழலை 5 பாகைக்கு இறக்க வேண்டும். பிரீச் (குழலின் பின்பக்க மூடி) திறக்கும்போது அழுத்தக் காற்று பாய்ந்து, மிச்ச வாயுவையும் கனலும் துணுக்குகளையும் குழலின் வாய் வழியே வெளியேற்றும். உள்ளே பார்த்து 'குழல் சுத்தம்' என்று குரல் வந்த பிறகுதான் குண்டு.

ரேமர், அதாவது குழலுக்குள் தள்ளும் இயந்திரத் தண்டு, குண்டை ஓங்கி அடிக்கும். குண்டைச் சுற்றியிருக்கும் பட்டை, குழலின் உட்சுவரில் வெட்டிய புரிகளில் கடித்து நிற்க அந்த வேகம் வேண்டும். இல்லாவிட்டால் குழல் உயரும்போது குண்டு பின்னால் சறுக்கி மருந்தின் மேல் விழும். அடுத்து பைகள், மூன்று மூன்றாக. எளிதில் பற்றும் கருமருந்து தைத்த சிவப்பு முனை பிரீச்சைப் பார்த்திருக்க வேண்டும். தள்ளுவது அதே ரேமர்தான், ஆனால் இப்போது மெதுவாக. எல்லாம் அரை நிமிடத்துக்குள். ஒரே நெம்புகோலுக்கு இரண்டு வேகம் வைத்த அமைப்பு எனக்குப் பிடித்ததே இல்லை.

ஏப்ரல் 19

1989இல் இதே தேதியில் ஐயோவாவின் இரண்டாம் கோபுரத்து நடுப் பீரங்கி, பிரீச் மூடும் முன்பே வெடித்தது. 47 பேர் இறந்தார்கள். கடற்படை முதலில் இறந்த மாலுமி ஒருவர் மேலேயே பழியைப் போட்டது.

அமெரிக்க அரசின் சாண்டியா ஆய்வகம் வேறு காரணத்தைக் காட்டியது. அன்று போட்டவை ஐந்து பைகள். அவை இரண்டடி அளவுக்கு அதிகமாக உள்ளே தள்ளப்பட்டிருந்தன. பை ஒவ்வொன்றிலும் மருந்துத் துண்டுகள் நெட்டாக அடுக்கியிருக்கும். எடையைச் சரிக்கட்ட மேலே சில துண்டுகளைப் படுக்கையாகப் போடுவார்கள். அந்த மேலடுக்கில் துண்டு குறைந்தால், இடிக்கும் வேகம் முழுவதும் அந்தச் சிலவற்றின் மேலேயே இறங்கும். துண்டு உடையும், பொறி பறக்கும், பக்கத்துப் பையின் கருமருந்து பற்றும். 1990 மே மாதம், பைகளை அடுக்கி எடையோடு விழவிட்ட சோதனையில் பதினெட்டாவது முறை தீப்பிடித்தது. 1991 அக்டோபரில் அந்த மாலுமியின் குடும்பத்திடம் கடற்படை வருத்தம் தெரிவித்தது. பழியை அவசரமாகச் சுமத்தியதற்கு அது போதாது.

ஏப்ரல் 22

குழல் தேய்மானம். புரிகள் தொடங்கும் இடம்தான் முதலில் அரிக்கும். வெப்ப வாயு அங்கேதான் கடுமையாகத் தாக்கும். அரித்தால் குண்டு இன்னும் முன்னே போய் உட்காரும், மருந்தறை பெரிதாகும், வாய்வேகம் (குழல் வாயை விட்டுக் குண்டு கிளம்பும் வேகம்) குறையும், குண்டு இலக்குக்கு முன்பே விழும். முழு மருந்தில் சுமார் 290 குண்டுகளே ஒரு குழலின் ஆயுள் என்றிருந்தது. டைட்டானியம் டைஆக்சைடும் மெழுகும் கலந்த பூச்சைப் பைகளோடு சேர்த்த பிறகு தேய்மானம் பெருமளவு குறைந்தது. மருந்தின் வெப்பநிலையும் கணக்கில் வரும்: சூடான மருந்து வேகத்தைக் கூட்டும். அதனால் கிடங்கின் வெப்பத்தைக் குறித்துக் குறிக்கணிப்பு அறைக்குச் சொல்ல வேண்டியிருந்தது.