கோவா 70.3: பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 24 வாரத் தயாரிப்பு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான் மீது ஆசை, பத்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடிக்கிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. ஓட்டம் கைவசம் இருக்கிறது, சைக்கிள் யாருக்குத்தான் ஓட்டத் தெரியாது, நீச்சலை மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டுப் பதிவு செய்துவிடுகிறார்கள். போட்டி நாளில் இவர்களில் பலர் நடந்து முடிப்பது அந்தக் கைவசமான ஓட்டத்தைத்தான். கால்கள் கெட்டுப்போவது அதற்கு முன் நீச்சலிலும் சைக்கிளிலும் கழியும் நான்கரை மணி நேரத்தில். அதனால் தயாரிப்பின் பெரும்பங்கு அந்த நேரத்துக்கே போக வேண்டும்.

கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019-இல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியை எடுத்துக்கொள்வோம். கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மொத்தம் 113 கி.மீ., மைலில் 70.3. இந்த வகைப் போட்டிகளில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடமும், மொத்தத்துக்கு 8 மணி 30 நிமிடமும் வழக்கமான கெடு. சைக்கிளுக்கும் தனிக் கெடு உண்டு. அது பாதையைப் பொறுத்து மாறும் என்பதால் அந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை போகிறவருக்கு நியாயமான இலக்கு இது: 100 மீட்டருக்கு 2:30 வீதம் நீந்தினால் 48 நிமிடம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சைக்கிள் 3 மணி 36 நிமிடம். கிலோமீட்டருக்கு 7:30 வீதம் ஓட்டம் 2 மணி 38 நிமிடம். உடை, சாதனம் மாற்றும் இரண்டு இடைவேளைகளுக்குச் சேர்த்து 13 நிமிடம். கூட்டினால் 7 மணி 15 நிமிடம். கெடுவுக்கு 75 நிமிடம் கையில் இருக்கும். அந்த நேரம் டியூப் மாற்றவும் வெயிலுக்கும் வேண்டியிருக்கும். வேக ஆசையில் அதைக் குறைக்காதீர்கள்.

24 வாரமும் வாரத்துக்கு மூன்று நீச்சல், மூன்று சைக்கிள், மூன்று ஓட்டம். தொடக்கத்தில் 6 மணி நேரம், உச்சத்தில் 10 முதல் 11. ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். அந்தக் குறைப்பைத் தவிர்க்கிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் முன்னங்கால் எலும்பில் வலி வரும்.

நீச்சலில் புதியவர்கள் 50 மீட்டரில் மூச்சு வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உடல்தகுதி இல்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிவைத்து, தலையைத் தூக்கிய அரை நொடியில் வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் இரண்டையும் செய்கிறார்கள். கரியமில வாயு தேங்கிவிடுகிறது. பதற்றம் வருவது அதனால்தான். முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். அடுத்த தவறு, எதிரே பார்த்து நீந்துவது. தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழும், உடல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். பார்வை நேராக அடித்தரையில் இருக்கட்டும். இவ்விரண்டும் சரியாக ஆறு வாரம் ஆகலாம். அதுவரை தூரத்தை எண்ணாதீர்கள். 25 மீட்டர் குளத்தில் 76 நீளம்தான் 1.9 கி.மீ.; பதினெட்டாவது வாரத்துக்குள் அதை நிற்காமல் முடித்தால் போதும்.

கடலில் அடித்தரைக் கோடு இருக்காது. ஆறு முதல் எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை, கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அளவு தலையை உயர்த்தி மிதவையைப் பார்த்து, உடனே பக்கவாட்டில் மூச்செடுத்துத் தலையை இறக்க வேண்டும். இதைக் குளத்திலேயே பழகலாம். இந்தப் பழக்கம் இல்லாதவர் வளைந்து வளைந்து போய் 1.9 கி.மீ.யை 2.3 ஆக்கிவிடுவார். கடல் பயிற்சி குறைந்தது நான்கு முறையாவது வேண்டும். சென்னைக் கடற்கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உயிரை எடுக்கக்கூடியது. பயிற்சியாளர், துணைப் படகு, இடுப்பில் கட்டும் மிதவை இல்லாமல் இறங்கவே கூடாது. டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போது நேர்ந்தவை. 40 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்களும் பதிவுக் கட்டணம் கட்டும் முன்பே இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் நீச்சலுடை) வாங்க வேண்டாம்: நீரின் வெப்பம் 24.5 டிகிரியைத் தாண்டினால் அதை அணிந்து பரிசுக்குப் போட்டியிட முடியாது, கோவாக் கடல் அதைவிடச் சூடு.

சைக்கிளுக்கு சாதாரண ரோடு பைக் போதும். 28 மி.மீ. டயர் போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 100 பி.எஸ்.ஐ. ஏற்றினால் ஒவ்வொரு குழியும் முதுகுக்கு வரும். 70 முதல் 75 போதுமானது. சீட் உயரத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். அதற்கும் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், உயர்வாக இருந்தால் பின்பக்கம். ஞாயிறு அதிகாலை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய போட்டித் தூரம் கிடைத்துவிடும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடே இல்லை. மாதம் இருமுறையாவது ஏற்றமுள்ள பாதையைத் தேடிப் போங்கள், இல்லாவிட்டால் மேம்பாலத்தில் பத்துமுறை ஏறி இறங்குங்கள்.

போட்டியில் முதல் 30 கி.மீ. வாக்கியம் முழுதாகப் பேச முடிகிற முயற்சியில்தான் போக வேண்டும். பெடலில் செலுத்தும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால், 20 நிமிடம் முழு மூச்சில் ஓட்டிப் பார்க்கும் சோதனையின் சராசரியை 0.95-ஆல் பெருக்கி, அதில் 70 முதல் 75 சதவீதம். பக்கத்தில் பத்துப் பேர் தாண்டிப் போவார்கள், கை துடிக்கும், விட்டுவிடுங்கள். அவர்களில் பலரை ஓட்டத்தின் 12-ஆவது கிலோமீட்டரில் பார்ப்பீர்கள்.

சாப்பாட்டையும் பயிற்சியில்தான் பழக வேண்டும். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. 750 மி.லி. பாட்டிலில் 40 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் (எளிதில் செரிக்கும் மாவுச்சத்துப் பொடி), 20 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு கலந்தால் ஒரு மணி நேரத்துக்கான சக்தியும் 600 மி.கி.க்குச் சற்றுக் குறைவான சோடியமும் கிடைக்கும். கடலை மிட்டாய் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதிலுள்ள கொழுப்பு வெயிலில் வயிற்றிலேயே தங்கி ஓட்டத்தில் குமட்டலாக வரும். மணிக்கு 30 கிராமில் தொடங்கி இரண்டு மாதத்தில் 60-க்கு வாருங்கள். குடலும் பழகத்தான் வேண்டும்.

எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடையில்லாமல் எடை பாருங்கள். 1.2 கிலோ குறைந்து, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், வியர்வை 1.7 லிட்டர். அவ்வளவையும் வயிறு ஏற்காது. மணிக்கு 800 மி.லி. முதல் ஒரு லிட்டர் வரை பாருங்கள். பயந்துபோய் வெறும் தண்ணீராகக் குடித்து எடை கூடிவிட்டால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். அது நீரிழப்பைவிட ஆபத்து.

பதினான்காவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை 90 நிமிட சைக்கிள் முடிந்த கையோடு 20 நிமிடம் ஓடுங்கள். கால் மரத்தது போல இருக்கும். ஆனால் பெடல் சுழற்சியின் பழக்கத்தில் அடிகள் வேகமாக விழுவதால், நினைத்ததைவிடக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக் குறைக்கப் பழகுங்கள். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் சைக்கிளைக் கொண்டுபோகும்போது வளைவது பின் கியர் தொங்கும் ஹேங்கர். பின் கியரைக் கழற்றிச் சட்டகத்துக்குள் கட்டுங்கள், மாற்று ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். இடது பெடலின் மரை தலைகீழ். கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். சீட் கம்பத்தில் பழைய உயரத்துக்கு டேப் ஒட்டிவிடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளைப் பாதுகாப்புச் சோதனையில் பறிமுதல் செய்துவிடலாம், போன ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய நாள் சைக்கிளை ஒப்படைக்கும்போது டயரில் காற்றைக் குறைத்து வையுங்கள். முழுக் காற்றோடு மாலை வெயிலில் நின்றால் டியூப் வெடிக்கலாம்.

ஹெல்மெட் வார் பூட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது. முன்னால் போகிறவரின் முன் சக்கரத்துக்கும் உங்கள் முன் சக்கரத்துக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும், தாண்ட நுழைந்தால் 25 நொடிக்குள் தாண்டியாக வேண்டும். இயர்போன் கூடாது. வீட்டார் நீட்டும் தண்ணீர் பாட்டிலும் வெளியுதவியாகவே கணக்காகும், அன்போடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓட்டத்தில் முதல் 3 கி.மீ. திட்டத்தைவிட 20 நொடி மெதுவாக. ஒவ்வொரு நீர் நிலையத்திலும் முப்பது அடி நடந்து, ஒரு கோப்பை குடிக்க, ஒன்று தலைக்கு. பனிக்கட்டி கிடைத்தால் தொப்பிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். 16 கி.மீ. தாண்டியும் கால் சொன்னபடி கேட்டால், அங்கிருந்து வேகத்தைக் கூட்டலாம்.