போன கிழமையும் இறால் சாப்பிட்ட பிள்ளைதானே?

திருகோணமலையில் பிள்ளைகளின் இறால் ஒவ்வாமை பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் முதலில் சொல்வது இது: "போன கிழமையும் இறால் கறியோடதான் சோறு சாப்பிட்டவன், ஒண்டும் செய்யேல்லையே." அது உண்மைதான். அதே பிள்ளை இறால் வடை தின்ற ஒரு மணித்தியாலத்தில் உப்புவெளிக் கடற்கரையில் பந்தடித்தால், உடம்பெல்லாம் தடித்து மூச்சிழுத்து விழக்கூடும் என்பதும் உண்மை. சில பிள்ளைகளுக்கு இறால் மட்டும் போதாது, ஓட்டம் மட்டும் போதாது. இரண்டும் சேரவேண்டும். ஓடுள்ள கடலுணவு சாப்பிட்டபின் ஓடிய ஒருவருக்கு இப்படி வந்ததை 1979இலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள்.

இறாலைவிடப் பாண் கள்ளத்தனமானது. கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம்தான் இந்த வகை ஒவ்வாமைக்கு மிகவும் அறியப்பட்ட காரணம். காலையில் பாணோ, கோதுமை மா இடியப்பமோ சாப்பிட்டுவிட்டு இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகும் பிள்ளை மைதானத்தில் விழுந்தால் எல்லோரும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். தினமும் தின்கிற பாணில் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

ஓடும்போது குடலின் தடுப்பு தளர்கிறது. முழுதாகச் செரிக்காத புரதம் இரத்தத்துக்குள் கூடுதலாகப் போகிறது. ஒவ்வாமைக் கலங்களும் சிறு தூண்டலுக்கே வெடிக்கத் தயாராகின்றன. ஐபுபுரோஃபென், அஸ்பிரின் போன்ற நோவு மருந்துகளும் இதையே செய்கின்றன. காய்ச்சல், நித்திரைக் குறைவு, கடும் வெக்கை, பெரிய பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்கள் எல்லாம் இதே கணக்கில் சேரும். காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென் கொடுப்பதை டெங்குவுக்காகவே நாம் தவிர்க்கவேண்டும். கடலுணவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது இன்னொரு ஆபத்து. பரசிற்றமோல், ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், போதும்.

ஆகவே சந்தேகமான உணவுக்குப் பிறகு குறைந்தது 4 மணித்தியாலம் ஓட்டம், பந்து, நீச்சல் வேண்டாம். நிலாவெளியில் மதியம் நண்டுக்கறிச் சோறு சாப்பிட்டதும் கடலில் இறங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். தண்ணீருக்குள் மயங்கினால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

முதல் அறிகுறி பெரும்பாலும் உள்ளங்கை, உள்ளங்காலில் கடி, அதாவது அரிப்பு. பிறகு முகம் சிவந்து, வயிறு நொந்து, குரல் கரகரக்கும். கடி தொடங்கியதுமே ஓட்டத்தை நிறுத்தவேண்டும். "வேர்த்தால் சரியாகிவிடும்" என்று இன்னொரு சுற்று ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. 10 பேரில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. அதற்காக ஏமாறக்கூடாது.

மூச்சுத் திணறினாலோ, குரல் மாறினாலோ, பிள்ளை துவண்டாலோ மருந்து அட்ரினலின்தான். பிரிட்டோன் என்ற ஒவ்வாமை மருந்து கடியைக் குறைக்கும், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 1:1000 செறிவில் 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிலீற்றர். 5 நிமிடத்தில் சுகமில்லையென்றால் மறுபடியும். டொக்டர் எழுதித் தந்த ஊசி கையில் இருந்தால் போடுங்கள், பிறகு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் கால் நீட்டி இருத்தலாம். ஓட்டோவில் மடியில் நிமிர்த்திக்கொண்டு பறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரத்தம் காலில் இறங்கி இதயம் வெறுமையாகிவிடும். வேறு வழியில்லையென்றால் பின் சீற்றில் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். தெளிந்துவிட்டது என்று எழும்பி நடக்கவும் விடக்கூடாது.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: ஐஸ் போடாமல் கிடந்த சூரை மீனைச் சாப்பிட்டு வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக முகம் சிவந்தால், அது பெரும்பாலும் மீனில் ஊறிய ஹிஸ்டமினின் நஞ்சு, ஒவ்வாமை அல்ல. சமைத்தாலும் அது போகாது.

ஆஸ்பத்திரியில் தெளிந்த பிள்ளையை உடனே வீட்டுக்குக் கேட்காதீர்கள். சில மணித்தியாலத்தில் இரண்டாம் அலை வரலாம். காத்திருக்கும் நேரத்தில் ஒரு தாளில் எழுதுங்கள்: கடந்த 6 மணித்தியாலத்தில் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஓடியது, என்ன மருந்து, காய்ச்சல் இருந்ததா, இரவு நித்திரை கொண்டதா. ஒவ்வாமை டொக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.